மருமகளுக்கு ஹெபடைட்டிஸ் பி என்கிறார்கள், பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: என் மகனுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. மருமகளுக்கு 24 வயது. தலைப்பிள்ளை, இப்போது 22வது வாரம். எங்கள் ஏரியா சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெபடைட்டிஸ் பி ரியாக்டிவ் என்று வந்திருக்கிறது. அவளுக்குக் கண் மஞ்சள், காய்ச்சல் எதுவும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டினோம். இங்கே பிரசவம் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகன் 'இது எங்கிருந்து வந்தது' என்று அவளைக் கேட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தட்டு, டம்ளரைத் தனியாக வை, கீழாநெல்லி அரைத்து மோரில் கொடு என்கிறாள் என் தங்கை. அடுத்த மாதம் வளைகாப்பு முடித்து, செய்யாறில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைக்கும் வருமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, முதலில் உங்கள் மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு வராமல் தடுக்க முடியும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இந்த மூன்றையும் இன்று ராத்திரியே மருமகளிடம் சொல்லுங்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் அவர் என்னென்ன நினைத்துப் பயந்துகொண்டிருப்பாரோ தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது வேறு விஷயத்தில். தட்டு, டம்ளர், கீழாநெல்லி, யாரிடமிருந்து வந்தது என்று வீடு முழுக்க இதே பேச்சாக இருக்கிறது. பிள்ளைக்கு இந்த நோய் வருமா வராதா என்பது பெரும்பாலும் பிறந்த முதல் ஒரு நாளுக்குள் முடிவாகிவிடும். அந்த ஒரு நாளுக்கான ஏற்பாட்டை இப்போதே ஆரம்பிக்க வேண்டும். செய்யாறில் எந்த ஆஸ்பத்திரி, அங்கே பிள்ளைக்குப் போட வேண்டிய ஊசி இருக்கிறதா, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

சுகாதார நிலையத்தில் செய்தது எச்பிஎஸ்ஏஜி என்ற பரிசோதனை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரியே இதிலும் ஒரு சின்ன அட்டை, ஒரு சொட்டு ரத்தம், இரண்டு கோடு வந்தால் ரியாக்டிவ், அதாவது அந்தப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது. எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளோடு சேர்த்து, முதல் தடவை கர்ப்பத்தைப் பதியும்போதே எல்லாக் கர்ப்பிணிக்கும் இதைச் செய்ய வேண்டும். உங்கள் மருமகள் மேல் யாருக்கும் சந்தேகம் வந்து செய்த சோதனை இல்லை இது. நம் ஊரில் நூறு கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனையைச் செய்தால் ஒருவர் போல ரியாக்டிவ் வருவார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி-யுடன் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 98 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் மருமகளுக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் 22வது வாரத்தில். வேண்டியதையெல்லாம் செய்ய நேரம் இருக்கிறது.

அட்டைச் சோதனை முதல் படிதான். அதை எலைசா முறையில் லேபில் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். அண்மையில் அவர் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போட்ட சில நாட்களுக்கு அந்த ஊசியாலேயே ரியாக்டிவ் காட்டுவதுண்டு.

சரி, உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். 'எங்கிருந்து வந்தது?' இந்தச் சோதனை அதற்குப் பதில் சொல்லாது. யாரிடமிருந்து வந்தது, எந்த வருடம் வந்தது என்று காட்டும் சோதனை எதுவுமே கிடையாது. ஆனால் ஒரு பொதுக்கணக்கு இருக்கிறது, அதை உங்கள் மகனுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். வளர்ந்த ஒருவருக்கு இந்த வைரஸ் புதிதாகத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் சில மாதங்களில் உடம்பே அதை விரட்டிவிடும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொற்றினால் நூற்றில் முப்பது பேர் போல அதைச் சுமந்துகொண்டே வளர்வார்கள். பிறக்கும்போதே தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். ஆகவே எந்தத் தொந்தரவும் இல்லாமல் இளம் வயதில் இப்படி ரியாக்டிவ் வருகிற பெண்ணுக்கு, அது தன் தாயிடமிருந்தோ சின்னப் பிள்ளையாக இருந்தபோதோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சரியாகக் கொதிக்க வைக்காத ஊசி, காது குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி என்று அந்தக் காலத்தில் வழிகள் நிறைய இருந்தன. உங்கள் மருமகள் பிறந்த வருடங்களில் இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே கிடையாது. தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு ஐந்து நோய்களைச் சேர்த்துத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி வந்தது 2011 டிசம்பரில். ஹெபடைட்டிஸ் பி தடுப்பும் அதற்குள் இருக்கிறது.

உடலுறவு வழியாகவும் இது தொற்றும், அதை மறைக்க மாட்டேன். அப்படியே பார்த்தாலும் உங்கள் மகனிடமிருந்து மருமகளுக்கு வந்திருக்கலாமே. ஆகவே கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் அவரும் போய் ரத்தம் கொடுக்கட்டும். அவருக்கு இல்லை என்று வந்தால், அது மருமகள் மேல் குற்றம் சாட்டுவதற்கான சான்று ஆகாது. மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் அந்த ரிப்போர்ட். இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அது முடியும்வரை ஆணுறை பயன்படுத்தினால் போதும். அவருக்கும் இருக்கிறது என்று வந்தால் இருவரும் சேர்ந்து ஒரே டாக்டரிடம் காட்டலாம்.

இனி பிள்ளையின் விஷயம். தாயிடமிருந்து பிள்ளைக்கு இது பெரும்பாலும் பிரசவ நேரத்தில், ரத்தமும் நீரும் படும்போதுதான் போகிறது. தாயின் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருந்து, ஒரு தடுப்பும் செய்யாமல் விட்டால் பத்தில் ஏழு முதல் ஒன்பது பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும். குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு. அதனால் 'ரியாக்டிவ்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடக் கூடாது. எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு எச்பிஇஏஜி என்று ஒரு சோதனை, வைரல் லோடு என்று ஒரு சோதனை. கூடவே கல்லீரல் நிலைமைக்கு எஸ்ஜிபிடி, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன். அடுத்த வாரமே இவற்றுக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். வைரல் லோடு முடிவு வர நாளாகலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

வைரல் லோடு ஒரு மில்லிக்கு இரண்டு லட்சம் யூனிட்டுக்கு (IU/ml) மேல் இருந்தால் டெனோஃபோவிர் என்ற மாத்திரையை, 300 மில்லிகிராம், தினம் ஒன்று என்று 28வது வாரத்தை ஒட்டி ஆரம்பிப்பார்கள். சிலருக்கு அதற்கு முன்பே ஆரம்பிப்பதும் உண்டு. பிரசவ நாள் வருவதற்குள் ரத்தத்தில் வைரஸ் வெகுவாகக் குறைந்துவிடும், பிள்ளைக்குப் போடும் ஊசி தோற்றுப்போகும் வாய்ப்பும் அதோடு குறையும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இந்த மாத்திரையால் கெடுதல் இல்லை என்று பல வருட அனுபவம் இருக்கிறது. வைரல் லோடு பார்க்க வசதி கிடைக்கவில்லை என்றால், ரியாக்டிவ் வந்த எல்லாக் கர்ப்பிணிக்கும் மாத்திரை கொடுக்கலாம் என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆகவே 'ரிப்போர்ட் இன்னும் வரவில்லை' என்று 28வது வாரம் தாண்டிப் போக விடாதீர்கள், டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நீங்கள் வளைகாப்புக்கு நாள் பார்க்கும் வாரங்களும் இவைதான். பந்தல், வளையல் வேலையில் இது மறந்துவிடக் கூடாது.

இந்த மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்திலும் இதே டெனோஃபோவிர் இருக்கிறது. மருந்துக் கடையிலோ, டப்பாவைப் பார்த்த உறவுக்காரரோ ஏதாவது சொல்லி, வீட்டில் புதிதாக ஒரு புயல் கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன். பயந்துபோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடும் பெண்களும் உண்டு. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீங்கிப் பாதிக்கப்படலாம். இது ஹெபடைட்டிஸ் பி-க்காகக் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான். ஆரம்பித்ததை டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் விடக் கூடாது. எப்போது நிறுத்துவது என்பதைப் பிரசவத்துக்குப் பிறகு அவர்களே சொல்வார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கும். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பாருச் புளூம்பெர்க் பிறந்த நாள் அது, அதையே உலக ஹெபடைட்டிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் சோதனை, மாத்திரை, பிள்ளைக்குப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசி எல்லாமே இலவசம். அந்த ஊசியைத் தனியாரில் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். தண்டையார்பேட்டையிலிருந்து உங்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் ஸ்டான்லியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பிரசவத்துக்கு அங்கே பதிந்துகொண்டு, கல்லீரலுக்கு ஸ்டான்லியில் குடல், கல்லீரல் பிரிவு புறநோயாளிகள் பகுதியில் காட்டச் சொல்வேன். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண், தாய்சேய் நல அட்டை, இந்த ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104க்குப் போன் செய்து கேளுங்கள்.

நர்சிங் ஹோமில் முடியாது என்று சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். ரத்தத்தில் பரவும் எந்த நோய்க்கும் கையுறை, கண்ணாடி, சுத்தமான கருவி என்று முறை இருக்கிறது. அதை எல்லாப் பிரசவத்திலும் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் இந்த ஐந்தாறு வாரத்தை அவர்களோடு வழக்காடிக் கழிக்க வேண்டாம். உங்கள் மருமகளுக்கு நல்ல இடம் பெரிய ஆஸ்பத்திரிதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரணத்துக்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் 'வேறு என்ன காரணம்' என்று கேளுங்கள். சுகப்பிரசவமே ஆகலாம்.

இப்போது பிறந்த நேரத்துக்கு வருவோம். பிள்ளை வெளியே வந்து அழுததும் வார்மர் விளக்கின் கீழே போட்டு, மேலே இருக்கும் ரத்தத்தையும் நீரையும் துணியால் துடைப்பார்கள். ஊசி குத்தும் இடத்தில் தாயின் ரத்தம் ஒட்டியிருக்கக் கூடாது, அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஊசி. ஒரு தொடையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, அடுத்த தொடையில் அரை மில்லி இம்யூனோகுளோபுலின். இரண்டும் வேறு வேறு சிரிஞ்ச், வேறு வேறு தொடை. தடுப்பூசி பிள்ளையின் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சொல்லிக்கொடுக்கும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். இம்யூனோகுளோபுலின் என்பது தயாராக இருக்கும் எதிர்ப்புச் சக்தி, போட்டவுடனே வேலை செய்யும். பிரசவத்தில் பட்ட வைரஸை அது அங்கேயே மடக்கிப் பிடிக்கும், அதற்குள் தடுப்பூசி தன் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டையும் முடிந்தால் முதல் 12 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். தடுப்பூசிக்கு 24 மணி நேரம் கெடு. இரண்டும் சேர்ந்து, பிறகு வரும் தவணைகளும் தவறாமல் போட்டால், நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள். வைரல் லோடு அதிகமான தாய் மாத்திரையும் சாப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு எளிதான காரியம் எங்கே தவறிப்போகிறது தெரியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்து அவசரமாகக் கிளம்பும்போது ரிப்போர்ட் வேறு பையில் தங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிறக்கும். ஒரு ஷிப்ட் நர்ஸ் போய் அடுத்தவர் வரும் நேரமாக இருக்கும். 'தடுப்பூசி போட்டாச்சு' என்று சொல்வார்கள், அது எல்லாப் பிள்ளைக்கும் போடும் தடுப்பூசியாக இருக்கும், இம்யூனோகுளோபுலின் போட்டிருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பிள்ளையைக் கையில் வாங்கிய பாட்டி, 'இத்தனூண்டு பிள்ளைக்கு ரெண்டு ஊசியா, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பார். அந்த நேரத்தில் பிள்ளையைக் கையில் வாங்கப் போவது நீங்களாகத்தான் இருக்கும். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு சொல்கிறேன். பிரசவ வார்டு வாசலில், யார் கேட்காவிட்டாலும், 'அம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ், பிள்ளைக்கு ரெண்டு ஊசி போடணும்' என்று சொல்லுங்கள். பிறந்தபின் 'ரெண்டும் போட்டாச்சா, எத்தனை மணிக்கு' என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்குங்கள். தடுப்பூசி அட்டையில் ரிப்போர்ட்டின் ஒரு ஜெராக்ஸைப் பின் செய்து வைத்தால் பையை மறந்தாலும் அட்டை பேசும்.

செய்யாறு விஷயத்தில் என் கருத்தைச் சொல்லட்டுமா? தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எல்லாருக்கும் ஆசை, பெண்ணுக்கும் அதுதான் ஆறுதல். நானாக இருந்தால் வளைகாப்பை முடித்து ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்வேன், பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்வேன், சம்பந்தியம்மாவை எட்டாவது மாதம் முடிவில் இங்கே வந்து மகளோடு தங்கச் சொல்வேன். பிரசவம் முடிந்து ஊசிகள் போட்டபிறகு தாயும் பிள்ளையும் செய்யாறுக்குப் போய் மூன்று மாதம் இருக்கட்டும். சோதனை ஓர் ஊரில், மாத்திரை ஓர் ஊரில், பிரசவம் இன்னோர் ஊரில் என்றால் நடுவில் ஏதாவது ஒன்று நழுவும். எப்படியும் அங்கேதான் என்று முடிவானால், 30வது வாரத்துக்குள் அங்கே உள்ள அரசு மருத்துவமனையில் நேரில் போய்ப் பதியுங்கள். பிறந்தவுடன் போடும் இம்யூனோகுளோபுலின் அங்கேயே இருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் யார் முன்கூட்டியே வரவழைப்பார்கள், ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து நீங்களே எடுத்துப் போகலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஊசி 2 முதல் 8 டிகிரியில்தான் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் உறைந்துபோன ஊசி வீண்.

தாய்ப்பாலுக்கு எந்தத் தடையும் இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கலாம், ஊசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊசி போட்ட பிள்ளைகளில், தாய்ப்பால் குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் தொற்றில் வித்தியாசம் இல்லை என்று பார்த்திருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கொடுக்கலாம். காம்பு வெடிக்காமல் பிள்ளையைச் சரியாகப் பிடித்துக் கொடுக்க நர்ஸிடம் பழகிக்கொள்ளட்டும். ரத்தம் வருமளவு வெடித்தால் அந்தப் பக்கம் ஆறும்வரை அடுத்த பக்கம் கொடுக்கலாம். பால் பவுடர் வாங்கி வைக்க வேண்டாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு? தட்டு, டம்ளர், துணி, கழிவறை, கட்டிப்பிடிப்பது, முத்தம், இருமல் எதிலும் பரவாது. மருமகள் சமைப்பதைச் சாப்பிடலாம். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுவது ஹெபடைட்டிஸ் ஏ-யும் இ-யும். லாரித் தண்ணீரும், சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீரும் பார்த்த நம் பகுதியில் எல்லாரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லதே, கர்ப்பிணிக்கு இ வகை வந்தால் ஆபத்து அதிகம். ஆனால் அதற்கும் பி-க்கும் சம்பந்தமில்லை. பி பரவுவது ரத்தம் வழியாக. ஆகவே பல் பிரஷ், ஷேவிங் பிளேடு, நகவெட்டி, காதில் குத்தும் ஊக்கு, முள் எடுக்கும் ஊசி இவை மட்டும் அவரவருக்குத் தனி. உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் ஒரு வாரம்கூடத் தாங்கும். கை வெட்டிக்கொண்டால் கட்டுப் போடட்டும், தரையில் சிந்திய ரத்தத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். அப்புறம் நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், கூட இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவை சோதித்துக்கொண்டு, இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான ஊசி விலை அதிகமில்லை. தட்டைப் பிரிப்பதால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் வராது. அந்தப் பெண்ணின் மனது மட்டும்தான் புண்படும், அதைச் செய்யாதீர்கள்.

கீழாநெல்லி பற்றி உங்கள் தங்கை சொன்னதை நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன், ஏனென்றால் அதற்கு நம் சென்னையிலேயே ஒரு வரலாறு உண்டு. 1988இல் இங்குள்ள ஆராய்ச்சியாளர்கள், முன்னே சொன்ன புளூம்பெர்கும் சேர்ந்து, இந்த வைரஸைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை ஒரு மாதம் கொடுத்துப் பார்த்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி காணாமல் போனது என்று வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன்பிறகு பல நாடுகளில் அதையே செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நல்ல நம்பிக்கையோடு செய்து பார்த்து, கடைசியில் நிலைநிற்காமல் போன விஷயம் அது. கர்ப்பிணிக்குக் கொடுத்தால் பிள்ளைக்குத் தொற்று குறையும் என்று காட்டிய ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. உங்கள் மருமகளுக்கு இப்போது மஞ்சள் காமாலையும் இல்லை. பச்சிலையை அரைத்துக் கொடுக்கும் நம்பிக்கையில் வைரல் லோடு சோதனை தள்ளிப்போனால், இழப்பு பிள்ளைக்கு. பத்தியம் என்று எண்ணெய், பருப்பு, முட்டை, மீனை நிறுத்துவதும் வேண்டாம், அவருக்கு ரத்தம் ஊற நல்ல சாப்பாடு தேவை. கண் மஞ்சளாவது, சிறுநீர் மிக அடர்ந்து போவது, ஓயாத வாந்தி, தூக்கக் கலக்கம் இவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்தியம் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பிறந்த நாள் ஊசியோடு வேலை முடியாது. ஆறு, பத்து, பதினாலாம் வாரம் என்று பென்டாவேலன்ட் தவணை மூன்றும் நாள் தள்ளாமல் போட வேண்டும். அதற்குமேல் பெரும்பாலான குடும்பங்கள் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குத் தொற்றியதா, தடுப்பூசி பிடித்ததா என்று ஒரு வயதுக்குள் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் அது. ஒன்பதாம் மாதத்துக்கு முன் பார்த்தால் சரியாகத் தெரியாது. பிள்ளை கொழுகொழுவென்று தவழ்ந்துகொண்டிருக்கும், 'நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் குத்தணும்' என்று விட்டுவிடுவார்கள். தொற்றியிருந்தாலும் சின்ன வயதில் வெளியே தெரியாது, கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் காட்டும். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குப் போகும்போதே இந்தச் சோதனையைக் கேளுங்கள். எச்பிஎஸ்ஏஜி இல்லை, எதிர்ப்புச் சக்தி அளவு பத்துக்கு மேல் என்று வந்தால் பிள்ளை தப்பித்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்தால் மறுபடி தடுப்பூசி போடுவார்கள்.

மருமகளையும் அப்போது மறந்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு எஸ்ஜிபிடி திடீரென்று ஏறும், அதனால் முதல் சில மாதங்களில் சோதிக்க வேண்டும். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஆயுளுக்கும். நிறையப் பேருக்கு மாத்திரையே தேவைப்படாமல் கண்காணிப்போடு நன்றாக இருக்கிறார்கள். அடுத்த கர்ப்பத்திலும் இதே ஏற்பாடுகள் முதலிலிருந்து.

கடைசியாக செய்யாறு வீட்டைப் பற்றி. சம்பந்தியம்மாவும், மருமகளுடன் பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும், அவர்களில் யாருக்காவது இது தெரியாமலே இருக்கலாம். ஆனால் அந்தப் போனை நீங்கள் போட வேண்டாம். அது மருமகளின் உடம்பைப் பற்றிய செய்தி, யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். 'உங்கம்மாகிட்ட நீயே சொல்றியா, நான் கூட இருக்கவா' என்று கேளுங்கள். உங்கள் தங்கைக்கும் மற்ற உறவுகளுக்கும் இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வைரல் லோடும் எஸ்ஜிபிடியும் வந்ததும் அந்த எண்களோடு, எத்தனையாவது வாரம் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.